ஒரே மேசையில் இரண்டு கட்சி

லாரிக்காரர் தன் கையாலேயே வக்கீலுக்கு டீ ஊற்றிக் கொடுத்தபோது டாக்டரம்மாவால் தன் கண்களையே நம்ப முடியவில்லை. லாரிக்காரர் அந்தப் பகுதியின் ஆளுங்கட்சிச் செயலாளர். வக்கீல் எதிர்க்கட்சிச் செயலாளர். ஒருவர் வீட்டுச் சாவுக்குக்கூட மற்றவர் போனதில்லை.

இன்று இருவரும் அவளுடைய அரசு ஆஸ்பத்திரி அறையில், ஒரே மேசையில், தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள்.

"சொல்லுங்க டாக்டரம்மா, மொத்தம் எத்தனை பேரு?" என்றார் வக்கீல்.

"ஆறு மாசத்துல பதினொரு பேர். எல்லாம் அந்தப் போதை மாத்திரைதான். இருபத்திமூணு வயசைத் தாண்டினவன் ஒருத்தன்கூட இல்ல."

இறப்புப் பதிவேட்டைத் திறந்து அவர்கள் பக்கம் திருப்பினாள். ஏழாவது வரியில் இருந்தவன் லாரிக்காரரின் ஒரே மகன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

இந்த ஆறு மாதத்தில் அவள் ஏறி இறங்காத படியில்லை. பட்டப்பகலில் வழிப்பறி, பெற்ற அம்மாவையே அடித்துப் போட்ட மகன், பள்ளிக்கூடக் கழிவறையில் மயங்கிக் கிடந்த பிள்ளைகள் என்று பகுதியே அழுகிக்கொண்டிருந்தது. மாத்திரை விற்கிறவர்கள் மேல் ஒரு கட்சி கை வைத்தால் மற்றது 'பழிவாங்கல்' என்று கூச்சல் போடும். இரண்டும் சேர்ந்து நின்றால்தான் போலீஸ் அசையும் என்று இரண்டு கட்சி ஆபீஸிலும் கெஞ்சினாள்.

"மாத்திரை வர்றதே அந்தாளு லாரியிலதான். அவரோட நான் சேரணுமா?" என்று சிரித்தார் வக்கீல்.

"விக்கிறவனுங்களை ஜாமீன்ல எடுக்கிறதே அந்த வக்கீல்தான். அங்க போய்க் கேளுங்க," என்று கதவைச் சாத்தினார் லாரிக்காரர்.

போன மாதம் அந்த லாரிக்காரரின் மகனையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடெல்லாம் நீலம். அரை மணி நேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு அவள் கையை எடுத்தபோது, அவர் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதார்.

நேற்று அவரே போன் செய்து, "வக்கீலையும் கூட்டிட்டு வர்றேம்மா" என்றார். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகாவது மனுஷனுக்கு உறைத்ததே என்று நினைத்துக்கொண்டாள்.

"இதை மேல அனுப்பிட்டீங்களா?" லாரிக்காரரின் குரல் கரகரத்தது.

"இன்னும் இல்லைங்க. அரையாண்டு அறிக்கை நாளைக்குத்தான் போகுது."

"நகல் ஏதும் இருக்கா?"

"இந்த ஒண்ணுதான். வேணும்னா உங்க ரெண்டு பேருக்கும் எடுத்துத் தரேன்."

"வேணாம், வேணாம்." இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "தேர்தலுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. இதை வச்சு அவங்களும் எங்களைத் திட்டப்போறதில்ல, நாங்களும் அவங்களைத் திட்டப்போறதில்ல. ரெண்டு நாளா உக்காந்து பேசி முடிச்சிட்டோம். இனிமே இந்தப் பகுதியில மாத்திரைச் சாவுங்கிற பேச்சே இருக்காது."

டாக்டரம்மா இருவரையும் பார்த்துக் கைகூப்பினாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே நாயாக அலைந்தாள்.

"இது போதுங்க. எங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்?"

லாரிக்காரர் ஏழாவது வரியில் விரலை வைத்தார்.

"என் பையன்கிட்டேயிருந்தே ஆரம்பிங்கம்மா."

அவள் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதரையா இத்தனை நாள் மனதுக்குள் சபித்தோம் என்று கூசினாள். "சொல்லுங்க, அவனுக்கு மாத்திரை கொடுத்தது யாரு? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

வக்கீல் எழுந்துபோய் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். தன் பேனாவைத் திறந்து, பதிவேட்டின் மேல் வைத்தார்.

லாரிக்காரர் தலை நிமிராமலே சொன்னார்:

"மாரடைப்புன்னு மாத்தி எழுதுங்க."