எட்டா, பன்னிரண்டா?

“பன்னெண்டையே கட்டு பானு. காத்து கம்மியாத்தான் இருக்குது.”

காற்றளக்கும் கருவியைச் சட்டைப் பையில் போட்டபடி வந்தான் அருள்குமார். பானுமதிக்கு அத்தை மகன். ஆவணியில் தாலி கட்டப் போகிறவன்.

கடத்தூர் பக்கத்து ஏரியில் அன்று கைட் சர்ஃபிங் தேர்வு. பெரிய காற்றாடி இழுத்துக்கொண்டு போக, பலகையில் நின்றபடி தண்ணீரில் சறுக்க வேண்டும். காற்று கம்மி என்றால் பன்னிரண்டு மீட்டர் காற்றாடி, பலமாக அடித்தால் எட்டு. சரியான அளவை எடுப்பதும் தேர்வில் சேர்த்தி. அதனால் ஏரி நடுவே படகில் இருந்த கோச் இன்னாசி வாயே திறக்கவில்லை.

தேறினால் தூத்துக்குடியில் ஒரு வருஷப் பயிற்சி. கல்யாணம் தள்ளிப்போகுமே என்று இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். “ஒரு வருசம்தானே, போயிட்டு வரட்டும்” என்று சொன்னவன் அருள் ஒருத்தன்தான். இன்று போர்வெல் வண்டிக்கு லீவு சொல்லிவிட்டு உதவிக்கும் வந்திருந்தான்.

“நல்லாப் பாத்தீங்களா மாமா? ஆடிக் காத்து, நம்ப முடியாது.”

“ரெண்டு தரம் பாத்துட்டேன். என்னை நம்பு புள்ள.”

கரை மரங்களின் மறைவில் கயிறுகளைக் கோத்து முடித்து நிமிர்ந்தாள். அவன் பேன்ட்டில், முழங்கால் பக்கம், பச்சையாய் ஏரிப் பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தாள். இப்படி ஒருத்தன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கரையைத் தாண்டி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. காற்று வெளுத்து வாங்கியது. காற்றாடி அவளை ஆள் உயரத்துக்குத் தூக்கித் தண்ணீரில் அறைந்தது. எழுந்து மறுபடி முயன்றாள், மறுபடியும் அதே கதி. இன்னாசி விசில் ஊதி, அவளைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்.

“காலையிலருந்தே நடு ஏரியில இந்தக் காத்துதான். இதுக்கு எட்டுதானம்மா எடுக்கணும்? எல்லாம் போச்சே!”

பானுமதி விக்கி விக்கி அழுதாள். ஆறு மாதமாகப் பழகிய காற்றே துரோகம் பண்ணிவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது.

“எங்க நின்னுய்யா அளந்தே?” இன்னாசி அருளிடம் பாய்ந்தார்.

“அந்தப் புளியமரத்தடியிலங்க சார்.”

“மரம் காத்தை மறைக்காதா? முழங்கால் தண்ணியில எறங்கி நின்னுல்ல அளக்கணும்!”

“நான் போர்வெல் வண்டி ஓட்டறவன். எனக்கு அதெல்லாம் எங்கங்க சார் தெரியும்? தண்ணிப் பக்கமே நான் போகலீங்க.” சொல்லிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டான்.

இன்னாசிக்கே பாவமாகிவிட்டது. “விடும்மா, தெரியாமப் பண்ணிட்டான்” என்றார்.

பானுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் முழங்காலையே பார்த்தாள்.

“அப்போ அந்தப் பாசி எப்படி மாமா ஒட்டுச்சு?”