கடைசி இரண்டு வரி

நோயல் சார் கவிதையைப் படித்து முடித்ததும் எல்லோரும் விமர்சகர் சந்திரசேகரனைத்தான் பார்த்தார்கள்.

ஈஜிபுராவில் டியூஷன் சென்டர் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற கவிதைக் கூட்டம் அது. எழுதியவர் யாரென்று நோயல் சாருக்கு மட்டும்தான் தெரியும். அலசி முடிக்கிறவரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.

கணவர் சந்திரசேகரனுக்குப் பக்கத்தில், அவருடைய மாத்திரை டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு, வேதநாயகி வாய் திறக்காமல் இருந்தாள். அவளுக்குப் பழகிய வேலைதான்.

'என்னிடம் இரண்டு இருந்தன.
ஒன்றை எடுத்துக்கொள் என்றேன்.
எடுத்துக்கொண்டாய்.
வலித்ததா என்று
ஒரு தடவை கேட்டிருக்கலாம்.'

மூன்று வருடம் முன்பு தன் சிறுநீரகங்களில் ஒன்றை அவருக்குக் கொடுத்தவள் அவள். சொந்தபந்தமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டது. அவர் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யார் எழுதியது என்று தெரியாமலாவது அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிடாதா என்றுதான் எழுதினாள். பாவி மனுஷிக்கு என்ன ஆசை பாருங்கள்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. எது இரண்டு என்று சொல்லாமல் விட்டதைச் சந்திரசேகரன் மெச்சினார். மூன்றாவது வரி ஒற்றைச் சொல்லாக நிற்பதை மெச்சினார். வேதநாயகிக்குக் காது மடல் சூடேறியது.

"உருவம் பிரமாதம். பொருள்தான் குப்பை," என்றார். "குடுத்துட்டு, கேட்டியா கேட்டியான்னு கையேந்தி நின்னா அதுக்குப் பேரு கொடையா?"

கூட்டம் சிரித்தது.

அவர் திரும்பிப் பார்க்காமல் பக்கவாட்டில் கையை நீட்டினார். வேதநாயகி அதில் மாத்திரையை வைத்தாள். பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

எழுதியவர் எழுந்து நிற்க வேண்டிய நேரம் வந்தது. நோயல் சார் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். எழுதியவர் இன்றைக்கு வரவில்லை என்று அவர் சமாளித்தார்.

பொம்மனஹள்ளிக்குத் திரும்பும் ஆட்டோவில், நல்லவேளை, இவருக்குத் தெரியாது என்று வேதநாயகி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கிக் குதித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விலாவுக்குக் கீழே, தழும்பின் மேல் கையை அழுத்திக்கொண்டாள்.

அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முதல் வரியிலயே தெரிஞ்சுபோச்சு, வேதா," என்றார். "அந்தக் கடைசி ரெண்டு வரியை மட்டும் எடுத்துடு. பத்திரிகைக்கு அனுப்பலாம்."