எந்திரிக்காத அக்கா

புத்தகத்தைத் தொலைச்சது கூடப் பரவாயில்ல. தொலைச்சுட்டு, குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல.

எங்க விமானப்படைத் தளத்துல ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பராமரிப்புப் புத்தகம் உண்டு. எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடிச்சு, எப்ப மாத்தினாங்க, எல்லாம் அதுலதான் இருக்கும். புத்தகம் இல்லேன்னா விமானம் கிளம்பக் கூடாது.

தொலைஞ்சது பன்னெண்டாம் நம்பரோடது. திங்கட்கிழமை நான் அதுல தேர்வுக்குப் பறக்க வேண்டியது. முடிச்சிருந்தா தலைமை விமானி ஆகியிருப்பேன். இந்த வாரம் விட்டா அடுத்த வருஷம்தான். வயிறு எரியுமா எரியாதா?

மூணு நாளா நாலு பேர் பீரோவையெல்லாம் கவிழ்த்துத் தேடினோம். புத்தகங்களுக்குப் பொறுப்பான ரெக்கார்டு ரூம் அக்கா மட்டும் நாற்காலியை விட்டு அசையல. கேட்டா முழங்கால் வலியாம். நாங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருப்பாங்க, நாங்க போனப்புறம்தான் பூட்டிட்டுக் கிளம்புவாங்க. சாப்பாடு கூட அங்கேயேதான்.

தொலைச்சது நீங்க, தேடுறது நாங்களான்னு கத்தினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

நானே கைப்பட புகார் எழுதினேன். அலட்சியம், பொறுப்பின்மை, இன்னும் வாய்க்கு வந்ததெல்லாம். தலைமை இன்ஜினியர் படிச்சுட்டுத் தோளைத் தட்டினார். அக்கா இடத்துக்கு வர்ற புது ஆள் புதுப் புத்தகம் போட்டுடுவாரு, நாளைக்கே நீ பறக்கலாம்னார். அக்காவோட சஸ்பெண்ட் ஆர்டரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லி என்னையே அனுப்பினார். சந்தோஷமாத்தான் போனேன்.

அக்கா ஒரு வரி விடாம படிச்சு, கையெழுத்துப் போட்டாங்க.

"புதுப் புத்தகம் போட்டதும் நீங்கதானே தம்பி அதுல பறப்பீங்க?"

"பின்னே?"ன்னேன்.

அக்கா எந்திரிச்சாங்க. முழங்காலுக்கு ஒண்ணும் இல்ல. நாற்காலி மெத்தையைத் தூக்கினாங்க. அடியில பன்னெண்டாம் நம்பர் புத்தகம்.

ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க. எரிபொருள் பம்ப். அறுநூறு மணி நேரத்துல கழட்டிப் போட்டிருக்கணும். தொள்ளாயிரத்து நாற்பது ஓடியிருக்கு. கூடவே ஒரு துண்டுச்சீட்டு குத்தியிருந்துச்சு. 'புதுப் புத்தகத்தில் நானூறு என்று எழுதவும்.' கீழே தலைமை இன்ஜினியர் கையெழுத்து.

அடப்பாவி. இந்த ஆளா என் தோளைத் தட்டினது?

"ரெண்டு தடவை மேல எழுதிப் போட்டேன் தம்பி. ரெண்டும் சுத்தி அவர் மேஜைக்கே வந்துச்சு. பொய் எழுத எனக்குக் கை வரல. புத்தகம் இல்லேன்னா நீங்க பறக்க முடியாது, அது மட்டும் தெரியும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க கத்தினீங்க. கேக்கலையே."

வாசல்ல பூட்ஸ் சத்தம். சஸ்பெண்டை முடிச்சு வைக்கத் தளபதியைக் கூட்டிக்கிட்டுத் தலைமை இன்ஜினியர் உள்ளே வந்தார். வந்ததும் வராததுமா, அந்தம்மாகிட்ட கையெழுத்து வாங்கியாச்சான்னு என்னைக் கேட்டார்.

புத்தகத்தைத் தளபதி கையில கொடுத்துட்டு, தலைமை இன்ஜினியரைப் பார்த்துச் சொன்னேன்:

"வாங்கியாச்சு சார். உங்க கையெழுத்தும் கிடைச்சிடுச்சு."