இரும்பு தின்னும் குடுவை

ஏனாத்தூர் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் பகலிலும் டியூப்லைட் எரிகிறது. உதவியாளர் மாணிக்கவேல் குடுவைகளை ஆட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, வளராத கிருமிகளைக் கொட்ட வாளியோடு நிற்கிறார். ஆய்வு மாணவி சுகாசினியின் இரண்டு குடுவைகளிலும் அமிலத் தண்ணீர், அடியில் பொன்னாக மினுங்கும் இரும்புக் கந்தகக் கல்லின் தூள். ஒன்றில் மட்டும் அமிலத்தில் வாழும் கிருமிகளை விட்டிருக்கிறாள். அவை பிழைக்கவில்லையென்றால் அவளுடைய ஆய்வே வாளியில் போய்விடும். “ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது, வுட்ருடி,” என்கிறாள் தோழி அபி. “டியூப்லைட்டுல யாராவது சாயம் பார்ப்பாங்களாடி?” என்று குடுவைகளை வாசலுக்குத் தூக்கிப் போகிறாள் சுகாசினி. அவள் அப்பாவின் சாயப்பட்டறையில், முக்கியெடுத்த பட்டு நூலை வெள்ளை நூலோடு சேர்த்து வெயிலில் பிடித்துத்தான் நிறம் பார்ப்பார்கள். குடுவைகளைப் படியில் வைத்து, பின்னால் தன் வெள்ளைத் துப்பட்டாவை விரித்துப் பிடிக்கிறாள். வெயில் கண்ணாடிக்குள் இறங்குகிறது. கிருமியில்லாத தண்ணீர் வெளிறிக் கிடக்கிறது. மற்றதில் இலேசான செம்பழுப்பு, கிருமிகள் கல்லிலிருந்து கரைத்தெடுத்த இரும்பின் நிறம்.

“அய்யே, ஆமாடி!” அபி குனிந்து பார்க்கிறாள். “இரும்பையாம்மா தின்னுது?” என்கிறார் மாணிக்கவேல். “தின்னுக்கினே இருக்குதுண்ணா,” என்கிறாள் சுகாசினி. “தின்னத் தின்ன அமிலமும் ஏறும். அதுங்களுக்குக் கொண்டாட்டம்தான்.” அவர் வாளியைக் கீழே வைக்கிறார். “அப்ப குடும்மா சீக்கிரம். ஆட்டாம வச்சா காத்தில்லாம மூச்சு முட்டிடப் போவுது.” செம்பழுப்புக் குடுவையை இரண்டு கைகளாலும் வாங்கிப்போய் மெஷினில் பொருத்தி, அவரே சுவிட்சைப் போடுகிறார்.