மூன்று மில்லிமீற்றர்

"எந்தப் புண்ணியவான் அங்கிள் இந்தப் பல்லில கை வச்சது?"

டாக்டர் தாரிகா கேட்ட கேள்விக்குத் தில்லைநாதனால் பதில் சொல்ல முடியவில்லை. வாயை ஒரு நீல ரப்பர் துணி இழுத்து மூடியிருந்தது. அதிலிருந்த ஓட்டைக்குள்ளால் ஒரேயொரு பல் மட்டும் வெளியே நின்றது, தேர் பார்க்கச் சனத்துக்குள் கழுத்தை நீட்டும் நெட்டையன் மாதிரி.

அறுபத்து நான்கு வருடத்தில் அவருடைய வாயை மூடிய முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். வெள்ளவத்தையில் அவருடைய ஹாட்வெயார் கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்கள் இரண்டு பகிடியையும் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். ஆணிக்குத்தான் காசு.

"ரூட் கனால் செய்யேக்குள்ள அரத்தின்ர நுனியை உள்ளுக்கு முறிச்சுப்போட்டு, பேசாமல் மேலால அடைச்சு விட்டிருக்கினம். மூண்டு மில்லிமீற்றர். அதுதான் இப்ப வேரில சீழ் பிடிக்குது."

முறிந்தது என்னவோ உண்மை. பேசாமல் அடைத்தது என்பதுதான் பொய். அதைச் சொல்ல அவருடைய நாக்கு ரப்பருக்குள் துடித்தது.

இந்தப் பல்லுக்கு முதல் தரம் ரூட் கனால் செய்த அன்றைக்கு, மாணவர் கிளினிக்கில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வெளியே வந்த அரத்துக்கு நுனி இல்லை. முகமூடிக்கு மேலே இரண்டு கண்ணும் நிரம்பின. முறிந்துவிட்டது, எடுக்க வரவில்லை என்று விக்கி விக்கிச் சொன்ன பிறகுதான் பல் அடைபட்டது.

விறைத்த வாயோடு அவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பது வருசம் இரும்பு வித்தவன் நான், ஒரு துண்டு என்னட்டையும் கிடக்கட்டுமே.

கிடந்தது. போன மாதம்தான் பல்லைச் சுற்றி முரசு வீங்கியது.

கொள்ளுப்பிட்டியில் ஒரு டாக்டர் பல்லையே பிடுங்கச் சொன்னார். தில்லைநாதன் கதிரையால் இறங்கி நேரே பஸ் ஏறிவிட்டார். பிறகு தாரிகாவிடம் வந்து, பல்லும் இருக்கட்டும், துண்டும் இருக்கட்டும், சும்மா கழுவி மூடிவிடுங்கோ என்று மூன்று தரம் கெஞ்சிப் பார்த்தார். துண்டு வராவிட்டால் பல்லும் போய்விடும் என்று அவள் சொல்லிவிட்டாள். பயப்படுகிறார் என்று நினைத்துத் தோளில் தட்டியும் கொடுத்தாள்.

தாரிகா ஒரு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். சிரிக்கும்போது தெரிகிற பல்லுக்கு இரண்டாம் தரம் ரூட் கனால் செய்தால் சிரிப்பின் வடிவு கூடுகிறதா என்கிற ஆராய்ச்சி. தொடங்க முன்னம் ஒரு படம், முடிந்த பிறகு ஒரு படம். ஐம்பது பேர் பார்த்து நூற்றுக்கு மார்க்ஸ் போடுவார்கள். மூக்குக்குக் கீழே நாடி வரைக்கும்தான் படத்தில் விழும்.

"என்ர வடிவான பாதியை வெட்டிப்போட்டியள்" என்று சொல்லிக்கொண்டு காலையில் முதல் படத்துக்குச் சிரித்திருந்தார்.

இப்போது நுனி துடிக்கிற ஏதோ ஒரு கருவியைப் பல்லுக்குள் விட்டு அவள் முக்கால் மணித்தியாலமாகக் குடைந்துகொண்டிருந்தாள். அது நரம்பு எப்போதோ போன பல். விறைக்கப் பண்ணும் ஊசிகூடத் தேவைப்படவில்லை. ஆனாலும் அவருடைய காதோரம் ஈரமாக இருப்பதைத் தாதி இமெல்டா இரண்டு தரம் துடைத்துவிட்டாள்.

வந்தது.

இமெல்டா நீட்டிய பஞ்சில் ஒரு இமை முடியளவுக்கு மினுங்கியது. அதைக் குப்பையில் போட அவள் திரும்பினாள்.

"ஏயாயேங்ஓ" என்றார் தில்லைநாதன். எறியாதேங்கோ என்பது ரப்பருக்குள்ளால் அப்படித்தான் வந்தது. ஆனால் அவருடைய கை அவளுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டது.

ரப்பரைக் கழற்றி, பல்லை வெள்ளையாக அடைத்து, அவரை நிமிர்த்தி இருத்தினார்கள். பஞ்சை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பையின் பொத்தானையும் பூட்டினார்.

"வழக்குப் போடப் போறியளோ?" தாரிகா சிரித்தபடி கமராவை எடுத்தாள். "முறிச்ச ஆளின்ர பேரைச் சொல்லுங்கோ, நானே கடிதம் எழுதித் தாறன். பேர் தெரியுமோ?"

"தெரியாமலோ. நான்தானே வச்சனான்."

கமரா தூக்கிய கை அப்படியே நின்றது.

ஆறு ரூட் கனால் செய்து காட்டினால்தான் பரீட்சை எழுத விடுவார்கள் என்று பல் வைத்தியம் படித்த மகள் சாம்பவி மூன்றாம் வருடத்திலேயே சொல்லியிருந்தாள். கேஸ் கிடைப்பது கஷ்டமாம். அதனால் தன்னிடமிருந்த சூத்தைப் பல்லை எந்த டாக்டருக்கும் காட்டாமல், கராம்பைக் கடித்துக் கடித்து, ஒன்றரை வருடம் அவளுக்கென்று பழுக்க விட்டு வைத்திருந்தார். ஆறாவது கேஸ் அப்பா.

அவள் பாஸ் என்ற செய்தி வந்தபோது வீட்டில் அவளுடைய முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்திருந்தது. டெங்கு.

இதில் ஒன்றையும் அவர் வாய் திறந்து சொல்லவில்லை. தாரிகா அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கமராவை இறக்கினாள்.

"படம் இன்னொரு நாளைக்கு எடுப்பம், அங்கிள்."

"எடுங்கோ பிள்ளை. படத்தில கண் விழாதுதானே?"

சிரித்தார். மூக்குக்குக் கீழே, நாடி வரைக்கும், நல்ல வடிவான சிரிப்பு.