உதடு ஒட்டும் இடம்

"இந்தம்மா கண்ணை விட்டுக் கீழ இறங்கவே மாட்டேங்குறாங்க சார்," என்றான் ஒலிப்பதிவாளன்.

டப்பிங் இயக்குநர் அப்போதுதான் வந்து நாற்காலியில் விழுந்திருந்தார். எதிரே திரையில், ஓர் ஆங்கிலப் படத்தின் தாய் தன் மகனிடம் பேசிக்கொண்டிருந்தாள். திரை முழுக்க அவள் முகம் மட்டும். வரிக்கு வரி ஒரு 'ஐ' வந்தது. கண்.

"நேத்து எழுதினவர் என்ன பண்ணி வெச்சிருக்கார்?"

"'வீ நெவர் ஸா ஐ டு ஐ'ன்னு வருது சார். 'உங்கப்பாவும் நானும் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்ததே இல்ல'ன்னு எழுதியிருக்கார்."

"அப்போ இந்தப் பையன் எப்படிப் பொறந்தான்னு கேப்பாங்களே. அடுத்தது?"

"'டர்ன்ட் எ பிளைண்ட் ஐ'." ஒலிப்பதிவாளன் ஏனோ குரலைத் தாழ்த்தினான். "'குருட்டுக் கண்ணைத் திருப்பினேன்'."

அவன் முழங்கை, உள்ளே இருப்பவர்களிடம் பேசும் பொத்தானில் அழுந்தியிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, மைக் வழியாக ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு.

"புது ரைட்டர் சார். நீங்க போன்ல வரச் சொன்னவங்க. காலையிலயே வந்து உள்ள போயிட்டாங்க."

இயக்குநர் எட்டிப் பார்த்தார். மங்கலான வெளிச்சத்தில், குரல் கொடுக்கும் நடிகையின் பக்கத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றிருந்தாள். கையில் ஒரு துண்டுத் தாள் கூட இல்லை.

அவர் பொத்தானை அழுத்திப் பேசினார். "மேடம், போன்ல சொன்னதுதான். இந்த ஒரு சீன் உதட்டோட ஒட்டினா முழுப் படமும் உங்களுக்கு. இல்லேன்னா சாயங்காலமே வேற ஆளைப் பார்த்துடுவேன்."

"தெரியும் சார். இந்தப் படம் எனக்கு ரொம்ப வேணும். நேர்ல போன இடத்துல எல்லாம் 'அப்புறம் கூப்பிடறோம்'னு வாசலோட அனுப்பிட்டாங்க. அதான் உங்ககிட்ட முதல்ல போன்ல பேசினேன்."

"சரி, ஆரம்பிங்க."

"ஐ டு ஐன்னா, ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை ஒரே மாதிரி நினைக்கறது. 'எங்களுக்குள்ள ஒத்தே வரல'ன்னு வெச்சுக்கலாம்."

"'ஒத்துப்போகல'ன்னா இன்னும் நல்லா இருக்காதா?"

"'போ'ல உதடு ஒட்டிடும் சார். அந்தம்மா அந்த வரி முழுக்க வாயை மூடவே இல்ல. ப, ம ரெண்டும் உதடு ஒட்டாம பிறக்காது. ஒட்டாம 'மாமா'ன்னு சொல்லிப் பாருங்களேன்."

இயக்குநர் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துச் சொல்லிப் பார்த்தார். 'ஆஆ' என்றுதான் வந்தது. ஒலிப்பதிவாளன் குனிந்துகொண்டான்.

"சிரிக்காதடா. என் மாமனார் கேட்டா சந்தோஷப்படுவார்."

"'பிளைண்ட்'ல ஒரு தடவை ஒட்டுது," அவள் தொடர்ந்தாள். "அதனால நமக்கும் அங்க ஒண்ணு மூடணும். 'கண்டுங்காணாம விட்டேன்.' அந்த 'ம' போதும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கறதுதான் சார் அது. அவங்க கஷ்டப்பட்டுக் கண்ணைத் திருப்பிக்கறாங்க. நம்ம ஆளுங்க பார்த்துக்கிட்டே பார்க்காம இருப்பாங்க. நாமதான் கெட்டி."

நடிகை இரண்டு வரிகளையும் பேசினாள். திரையில் இருந்தவளின் வாயிலிருந்தே அவை வந்தன.

இயக்குநர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இனிமேதான் இருக்கு உங்களுக்கு வேலை. 'யூ ஆர் தி ஆப்பிள் ஆஃப் மை ஐ'. நேத்து எழுதினவர் இதுல ஆப்பிள் பழத்தையே கொண்டுவந்து வெச்சுட்டார். ரொம்ப க்ளோஸ்-அப். ஒரு இழை விலகினாலும் ஜனங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டான். அவள் அசையாமல் நின்றாள்.

"'ஆப்பிள்'ல ஒரு தடவை ஒட்டுது. 'மை'ல ஒரு தடவை. கடைசி 'ஐ'ல வாய் 'ஆ'ன்னு திறந்து 'ஈ'ன்னு விரிஞ்சு நிக்குது." கொஞ்ச நேரம் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு நடிகை இருந்த பக்கம் சாய்ந்தாள். "அக்கா, 'நீதானேப்பா என் கண்மணி'. அந்த 'மணி'யை மட்டும் கொஞ்சம் இழுங்க."

நடிகை பேசினாள்.

'ப்பா'வில் திரையில் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. 'ம'வில் மறுபடி ஒட்டின. 'ணி'யில் விரிந்து நின்றன. அந்தத் தாய் பிறந்ததிலிருந்தே தமிழ் பேசியவள் போல இருந்தாள்.

"திரும்பப் போடு," என்றார் இயக்குநர்.

போட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

"மேடம், முழுப் படமும் உங்களோடது. வெளிய வாங்க, அட்வான்ஸ் பேசிடலாம்."

பொத்தானை விட்டதும் ஒலிப்பதிவாளன் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா இந்த உதட்டையேதான் நானும் பார்க்கறேன். எனக்குத் தெரியாதது இவங்களுக்கு எப்படிடா தெரியுது? என்ன பார்வை அது!"

ஒலிப்பதிவாளன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கதவு திறந்தது.

நடிகை முதலில் வந்தாள். அவள் தோளில் ஒரு கை இருந்தது. அந்தக் கைக்கு உரியவள் பின்னாலேயே வந்து, மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோலை ஒரே உதறலில் நீட்டிக்கொண்டு, இயக்குநரின் குரல் கேட்ட திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"ரொம்ப நன்றி சார். ஒரே ஒரு சந்தேகம். மூச்சுக்கு மூச்சு கண்ணைப் பத்தியே பேசறாங்களே, அந்தம்மாவுக்குக் கண்ணு எப்படி சார் இருக்கும்?"