ஏலிக்குட்டியின் முழங்கால்

பைபிளின் மேல் வைத்த கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை ஏலிக்குட்டிக்கு.

எதிரே, விசாரணைக்கென்று ஆயர் அனுப்பிவைத்த பாதிரியார். பக்கத்தில் மருமகள் ரோசிலி. கோயில் அறையின் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஊர் மொத்தமும் தொங்கிக்கொண்டிருந்தது.

தொங்காமல் என்ன செய்யும்? அடுத்த ஊரான மேலக்குன்னுக்கு ஒரு புனிதர் இருக்கிறார். அவருக்கென்று திருநாள், செண்டைமேளம், வெடி, வளையல் கடை. இந்தக் காஞ்ஞிரக்குன்னுக்கு ஒரு மண்ணும் கிடையாது. இப்போதுதான், எப்போதோ செத்துப்போன இட்டூப்பச்சன் பாதிரியார் பெயரில் ஓர் அற்புதம் நடந்திருக்கிறது. ரோம் அதை ஒத்துக்கொண்டால் அவரும் புனிதர்.

நடந்த இடம், ஏலிக்குட்டியின் முழங்கால்.

வருஷக்கணக்கில் கட்டிலோடு கிடந்தவளைக் கல்லறைத் திருநாளன்று நாற்காலியில் தூக்கிப் போய் இட்டூப்பச்சன் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மெழுகுவத்திப் புகை மரத்திலிருந்த குளவிக் கூட்டில் பட்டது. கூட்டம் தலைதெறிக்க ஓடியது. எல்லோருக்கும் முன்னால் ஓடிச் சுவரைத் தாண்டிக் குதித்தவள் ஏலிக்குட்டி.

"அற்புதம்!" என்று முதலில் கத்தியவர் மணியடிக்கும் கோயில்பிள்ளை, வீங்கிய உதட்டோடு.

அற்புதமாவது, மண்ணாங்கட்டியாவது. முதல் சில நாள்தான் வலி நிஜம். அந்தச் சில நாளில் காப்பி கட்டிலுக்கு வந்தது. வெந்நீர் வந்தது. கால் பிடித்துவிட ரோசிலி வந்தாள். இதையெல்லாம் யாராவது வேண்டாமென்று சொல்வார்களா?

எல்லோரும் ரப்பர் தோட்டத்துக்குப் போனபிறகு எழுந்து, அடுக்களையில் கிடக்கும் மூன்றரைக் கால் ஸ்டூலில் ஏறி, மேல்தட்டு டப்பாவைத் திறந்து மொறுமொறுவென்று அச்சப்பம் தின்பாள். தின்னத் தின்ன அந்த டப்பா குறையாது. வேதத்தில் வரும் விதவையின் எண்ணெய்க் கலயம் மாதிரிதான் என்று கர்த்தரைத் துதித்துவிட்டு இன்னொன்று எடுப்பாள்.

இப்போது மாட்டிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் ரோசிலி முகத்தில் எப்படி முழிப்பது? பொய் சொன்னால் நேரே நரகம்.

போதாததற்கு ஜன்னலிலிருந்து தம்பி சாண்டியின் குரல். அவன் பெந்தகோஸ்தேக்காரனாகி வருஷம் ஆச்சு.

"அக்கா, புனிதருக்குத் திருநாள் கொண்டாடச் சொல்லி வேதத்துல எங்க இருக்கு? விசுவாசிக்கிற எல்லாருமே புனிதர்தான். செத்துக் கல்லறையில கிடக்கணும்னு இல்ல. உன் வீட்டுக்குள்ளயே ஒருத்தர் நடமாடுவாங்க!"

"போடா! மேலக்குன்னுத் திருநாளுக்கு முதல் பந்தியில உக்காந்து மாட்டுக்கறி தின்னியே, அப்ப எங்கடா போச்சு உன் வேதம்?" கை பைபிளில் இருப்பதை மறந்து சீறினாள் ஏலிக்குட்டி.

பாதிரியார் தொண்டையைக் கனைத்தார்.

"நோயைப் பத்தி வைத்தியரும் உங்க மருமகளும் சொல்லியாச்சு. நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். வலி முழுசாப் போயிடுச்சா? அரைகுறையாக் குணமானா ரோம்ல ஒத்துக்க மாட்டாங்க."

'இத்தனை வருஷமும் இவங்களைத் தூக்கி உக்கார வச்சது நான்தான்' என்று ரோசிலி சற்றுமுன் சொல்லியிருந்தாள். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

ஏலிக்குட்டிக்குச் சட்டென்று ஒரு சந்து தெரிந்தது. ராத்திரியில் லேசாக வலிக்கிறது என்றால்? அற்புதம் ரத்து. காப்பி மறுபடி கட்டிலுக்கு. பொய்தான், ஆனால் சின்னப் பொய். இந்த வயதில் யாருக்குத்தான் ராத்திரியில் வலிக்கவில்லை!

"ராத்திரியில மட்டும் கொஞ்சம்..."

"முனகுவாங்க ஃபாதர், அதெல்லாம் முன்னாடி," என்று முந்திக்கொண்டாள் ரோசிலி. "இப்ப நல்லாத் தூங்குறாங்க. குளவிக்கு முன்னால ஓடினதை ஊரே பாத்துச்சு. இனி ஜென்மத்துக்கும் வலிக்காது. இல்லையா அம்மச்சி?"

ஜன்னலில் செண்டைமேளம், வெடி, வளையல் கடை எல்லாம் ஏலிக்குட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. ரோசிலி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்காது," என்றாள் ஏலிக்குட்டி.

சத்தியமான வார்த்தை. கோயில் மணி அடித்தார்கள். இட்டூப்பச்சனுக்குத் திருநாள் வந்ததும் சிலுவையைத் தூக்கிக்கொண்டு குன்றின் உச்சிவரை முன்னால் நடக்கப் போவது ஏலிக்குட்டிதான் என்று அங்கேயே முடிவாயிற்று. பெண்கள் வரிசையில் வந்து முழங்காலைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போகும்போது ரோசிலி கை கொடுக்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். தொழுவத்தருகே நின்று பால் செம்பை மாமியார் கையில் திணித்தாள்.

"பசு காத்துக்கிட்டு நிக்குது அம்மச்சி. புனிதர் தொட்ட காலு. இனி வலிக்குதுன்னா ரோம் வரைக்கும் பதில் சொல்லணும்."

ஏலிக்குட்டி செம்போடு அவள் பின்னாலேயே போனாள்.

"அடிப்பாவி! உனக்கு எப்படிடீ தெரியும்? எப்பலேருந்து?"

ரோசிலி படியேறிக்கொண்டே சொன்னாள். "அந்த டப்பாவ வாரா வாரம் யாரு ரொப்புறான்னு நெனச்சீங்க?"

ஏலிக்குட்டி பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது. எப்போதும் டப்பாவுக்கு நேர் கீழேதான் கிடக்கும். குட்டைக் காலுக்கு அடியில், ஆடாமல் இருக்க, சாக்குத்துணி ஒன்று மடித்துவைத்திருந்தது.

அதை அவள் வைக்கவில்லை.